பத்து நிமிடத் தளர்ச்சி



மகப்பேறு பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஒரே ஒரு ஊசியைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவுசெய்து வந்திருக்கிறேன். கால் மில்லிகிராம் மருந்து. ஒரு கடுகின் எடைகூட இராது. மேற்கையில், தோலுக்கு அடியில் போடுவது. போட்ட சில நிமிடங்களில் நிறைமாதக் கர்ப்பப்பை தன் இறுக்கத்தை விட்டுக் கொஞ்ச நேரம் இளகும். அந்த நேரத்துக்குள், பிட்டத்தைக் கீழே வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, தாயின் வயிற்றின் மேல் கை வைத்துத் தலை கீழே வரும்படி திருப்பப் பார்க்கலாம். மருத்துவமனையில் இதை ஈ.சி.வி. என்று சுருக்கிச் சொல்வோம். இன்று நான் 'திருப்புதல்' என்றே சொல்கிறேன்.

அந்த மருந்தின் பெயர் டெர்பூட்டலின். இழுப்புக்காரர்கள் வீட்டில் இருக்கும் சால்பூட்டமாலுக்கு உடன்பிறப்பு மாதிரி. மூச்சுக்குழாயைத் திறக்க வந்த மருந்து கர்ப்பப்பைக்கு எப்படி வந்தது, அதற்குப் பின்னால் வந்த புது மருந்துகள் இந்த ஒரு வேலையில் அதை ஏன் முந்த முடியவில்லை, யாருக்கு அதைப் போடவே கூடாது என்பதையெல்லாம் சொல்கிறேன்.

புற நோயாளிப் பிரிவில் எனக்கு மிகவும் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. ஒன்பதாம் மாத ஸ்கேனை எடுத்துக்கொண்டு வருவார்கள். கர்ப்பிணி நாற்காலியில் உட்காருவதற்குள் மாமியார் கேட்டுவிடுவார்: "டாக்டரம்மா, பிள்ளை இன்னும் தலை திரும்பலையாம். அப்போ ஆபரேஷன்தானா?" அந்தப் பெண் ஒன்றும் பேசமாட்டாள். கையில் ஸ்கேன் கவர் கசங்கிக்கொண்டிருக்கும். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. படி ஏறினேனோ, ஒருக்களித்துப் படுக்கவில்லையோ, பாரம் தூக்கினேனோ என்று.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. 28-ஆவது வாரத்தில் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை பிட்டம் கீழாகத்தான் இருக்கும். நாள் ஆக ஆகத் தானாகவே புரண்டு, நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள்தான் அப்படியே தங்கும். இந்த மூன்று நான்கு பேருக்குத்தான் 'ஆபரேஷன்தானா' என்ற கேள்வி.

பிட்டம் முதலில் வந்து பிறப்பது நம் பாட்டிமார் காலத்தில் நடந்ததுதான். அதில் உள்ள அபாயம் கடைசியில் வருவது தலை என்பதே. உடம்பிலேயே பெரிய பகுதி கடைசியாக வரும்போது, தொப்புள்கொடி நசுங்கிக்கொண்டிருக்க, தலை மாட்டினால் கையில் இருக்கும் நேரம் நிமிடக் கணக்குதான். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் மேரி ஹன்னா தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 26 நாடுகள், 121 மருத்துவமனைகள், 2088 பெண்கள். திட்டமிட்டுச் சிசேரியன் செய்தவர்களில் பிள்ளை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்த்து 1.6 சதவீதம். இயல்பாகப் பெற முயன்றவர்களில் 5 சதவீதம். அதோடு பல நாடுகளில் பிட்டப் பிரசவம் ஏறக்குறைய நின்றுபோனது. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று பிறகு எழுதினார்கள். ஆனால் அதற்குள் கைப்பழக்கம் போய்விட்டது. இன்று பயிற்சி முடித்து வரும் பல இளம் மருத்துவர்கள் ஒரு பிட்டப் பிரசவத்தைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பிட்டம் என்றால் கத்தி என்று ஆகிவிட்டது. திருப்புதலின் மதிப்பு இங்கேதான் கூடுகிறது. பிள்ளை தலைகீழாகிவிட்டால் அந்த விவாதமே அவளுக்கு வேண்டியதில்லை.

கையால் திருப்புவது புதிதல்ல. 1807-இல் ஹாம்பர்க்கில் யுஸ்டுஸ் விகாண்ட் என்பவர் வெளியிலிருந்து திருப்பும் முறையை எழுதி வைத்தார். 1878-இல் பாரீஸில் அடோல்ஃப் பினார் வயிற்றைத் தடவிப் பார்த்தே பிள்ளையின் நிலையை அறிவதற்கும் வெளியிலிருந்து திருப்புவதற்கும் ஒரு நூலே எழுதினார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க நாங்கள் வயிற்றில் வைத்துக் காதை ஒட்டும் அந்தச் சிறு மரக்குழல் இருக்கிறதே, அதுவும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. என் ஆசிரியை ஸ்கேன் அறைக்கு அனுப்பும் முன் எங்களை அந்தக் குழலோடு அரை மணி நேரம் உட்கார வைப்பார். கைக்குக் கண் முளைக்க வேண்டும் என்பார்.

கைக்குக் கண் முளைத்தாலும் ஒரு தடை இருந்தது. கர்ப்பப்பை வெறும் பை அல்ல, தசை. அதுவும் நிறைமாதத்தில் தொட்டாற்சுருங்கி. கையை வைத்து அழுத்தத் தொடங்கியதுமே இறுகிக் கல்லாகிவிடும். முதல் பிரசவக்காரிக்கு இன்னும் மோசம். வயிற்றுத் தசையும் இறுக்கம், கர்ப்பப்பையும் இறுக்கம். இறுகிய கர்ப்பப்பைக்குள் பிள்ளையைத் தள்ளினால் பிள்ளை நகராது. நம் கையின் பலம் எல்லாம் தாயின் வலியாகவும் நஞ்சுக்கொடியின் மேல் சுமையாகவும் போய்ச் சேரும்.

இதற்கு அந்தக் கால மருத்துவர்கள் இரண்டு வழி கண்டார்கள். இரண்டும் தவறாகப் போயின.

முதல் வழி, சீக்கிரமே திருப்பிவிடுவது. 32, 33 வாரத்தில் பிள்ளை சின்னது, பனிக்குட நீர் நிறைய, சுலபமாகச் சுழலும். சுழலத்தான் செய்தது. பிறகு தானாகவே திரும்பவும் புரண்டு பழைய நிலைக்கே போனது. அதைவிட முக்கியம், அந்த வாரத்தில் திருப்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவை சும்மா விட்டிருந்தாலும் தாமாகத் திரும்பியிருக்கும். தேவையே இல்லாத ஒரு காரியத்துக்காக எத்தனையோ தாய்மார்களைப் படுக்க வைத்தோம். நடுவில் நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் போனாலோ, பிள்ளையின் துடிப்பு இறங்கினாலோ, கையில் இருப்பது நுரையீரல் முற்றாத குறைமாதக் குழந்தை.

இரண்டாவது வழி, முழு மயக்கம் கொடுத்துத் திருப்புவது. மயக்கத்தில் உடம்பு துவண்டு கிடக்கும், எதிர்ப்பு இருக்காது. ஆனால் 'போதும், வலிக்குது, நிறுத்துங்க' என்று சொல்ல வேண்டிய ஆளும் மயக்கத்தில் கிடந்தாள். எவ்வளவு பலம் போடுகிறோம் என்பது போடுகிற கைக்கே தெரியாமல் போனது. பிள்ளைகள் இறந்தன. 1970-களின் நடுவில் பல நாடுகளில் இந்த முறையையே கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெர்லினிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எரிக் ஸாலிங் என்ற பெயரை இங்கே இருக்கும் மருத்துவ மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரசவ நேரத்தில் பிள்ளையின் தலைத் தோலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அது மூச்சுக்குத் தவிக்கிறதா என்று முதன்முதலில் சோதித்தவர் அவர். வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையை ஒரு நோயாளியாக மதித்து, அதற்கென்று ஒரு மருத்துவம் வேண்டும் என்று சொன்னவர். அவரும் முல்லர்-ஹோல்வே என்பவரும் 1975-இல், நிறைமாதம் வரை காத்திருந்து, கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துத் திருப்புவதைப் பற்றி எழுதினார்கள்.

இதில் புதுமை மருந்து மட்டும்தான் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மருந்து கொடுத்த பெரிய வரம், காத்திருக்க முடிந்தது. 37 வாரம் வரை பொறுத்தால் தானாகத் திரும்ப வேண்டிய பிள்ளையெல்லாம் திரும்பி முடிந்திருக்கும். மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் கை வைத்தால் போதும். திருப்பிய பிறகு மறுபடி புரள்வதும் அரிது. ஏதாவது பிசகினால் அடுத்த சில நிமிடங்களில் சிசேரியன் செய்து, முழு வளர்ச்சி பெற்ற பிள்ளையை வெளியே எடுத்துவிடலாம். இவ்வளவு நன்மைகளும் நிறைமாதத்தில் காத்திருந்தன. இறுகிய கர்ப்பப்பை என்ற பூட்டு ஒன்றுதான் இடையில் நின்றது. ஸாலிங் அந்தப் பூட்டுக்குச் சாவி போட்டார். தாய் மயங்கவும் இல்லை. கர்ப்பப்பை தளர்ந்தது, வாய் அவளிடமே இருந்தது. வலித்தால் சொல்வாள். அவள் சொன்னால் கை நிற்கும்.

சாவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் உடம்பில் பயமோ ஓட்டமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தை வேகப்படுத்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் முடுக்கி, இன்னோரிடத்தில் தளர்த்துவது ஏன்? 1948-இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இதற்கு ஒரு விடை சொன்னார்: செல்லின் மேல் அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. பின்னால் வந்தவர்கள் பீட்டாவையும் இரண்டாகப் பிரித்தார்கள். இதயத்தில் பெரும்பாலும் பீட்டா ஒன்று. மூச்சுக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் பீட்டா இரண்டு. பீட்டா இரண்டைத் தொட்டால் தசைச் செல்லுக்குள் கால்சியம் குறைந்து, தசையைச் சுருக்கும் நொதி அடங்கி, தசை இளகும். ஆஸ்துமா மருந்தும் கர்ப்பப்பை மருந்தும் ஒன்றாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான். டெர்பூட்டலின், சால்பூட்டமால், ரிட்டோட்ரின், ஃபெனோடெரால் எல்லாம் ஒரே குடும்பம். கதவு ஒன்றாக இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சாவி பொருந்துகிறது.

மருந்து உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை கைராசியா? 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 48 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தளர்ச்சி மருந்தோடு திருப்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் திரும்பின. ஆனால் அது திருப்புதலுக்குச் சான்று. மருந்துக்குத் தனிச் சான்று வேண்டும் அல்லவா? 1997-இல் அதுவும் வந்தது. 103 பெண்கள். எல்லோருக்கும் திருப்புதல் முயற்சி உண்டு; சிலருக்கு டெர்பூட்டலின் ஊசி, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. எது எது என்று யாருக்கும் தெரியாது. வெறும் ஊசிக்கு நூற்றுக்கு 27 பிள்ளைகள் திரும்பின, டெர்பூட்டலினுக்கு 52. அந்தக் கால் மில்லிகிராம் பலனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. 2015-இல், தென்னாப்பிரிக்காவின் கேத்தரின் குளூவர், ஜஸ்டஸ் ஹோஃப்மேயர் முதலானோர் அதுவரை நடந்த 28 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோதும் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கே உறுதியான சான்று கிடைத்தது. 742 பெண்களைச் சேர்த்த ஆறு ஆய்வுகளில், பீட்டா மருந்து கொடுத்தவர்களுக்குச் சிசேரியன் 23 சதவீதம் குறைந்திருந்தது.

இப்போது இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்துகளின் பெரிய வேலை திருப்புதல் அல்ல, குறைமாதப் பிரசவ வலியைத் தள்ளிப்போடுவது. ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டால், பிள்ளையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய இரண்டு நாள் அவகாசம் வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு ஒரு காலத்தில் பீட்டா மருந்துகளைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். தாயின் இதயம் படபடக்கும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும், பொட்டாசியம் இறங்கும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தத் தொல்லைகளால் அந்த வேலையில் இவை ஓரங்கட்டப்பட்டன. இடத்தைப் பிடித்தவை இரண்டு: ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிஃபெடிபின், ஆக்ஸிடோசின் ஏற்பியை அடைத்துவிடும் அடோசிபான். நிஃபெடிபின் வாய்வழி போகும், மலிவு. அடோசிபான் விலை அதிகம். ஆனால் இதயத்தைத் தொந்தரவு செய்யாத சாது மருந்து.

குறைமாத வலியில் வென்ற மருந்து திருப்புதலிலும் வெல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2008-இல் நெதர்லாந்தில் 310 பெண்களுக்கு நிஃபெடிபினையும் போலி மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை. 2009-இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், 90 பெண்களுக்கு நிஃபெடிபினையும் டெர்பூட்டலினையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். டெர்பூட்டலின் முந்தியது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினையும் பார்த்தார்கள். தலைவலியும் ரத்த அழுத்தச் சரிவும் நிச்சயமாக வந்தன, பலன் நிச்சயமாக வரவில்லை.

அடோசிபானுக்கான பெரும் சோதனை 2017-இல் வெளியானது. நெதர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 830 பெண்கள். பாதிப் பேருக்கு அடோசிபான், பாதிப் பேருக்குப் பழைய ஃபெனோடெரால். ஃபெனோடெராலுக்கு நூற்றுக்கு 40 பிள்ளைகள் திரும்பின. அடோசிபானுக்கு 34. சிசேரியனும் அடோசிபான் பக்கம் கூடுதல். 55-க்கு எதிராக 60. விலை கூடிய புது மருந்து, படபடப்பைக் கொடுக்கும் பழைய மருந்திடம் தோற்றது.

ஏன் என்று எண்ணிப் பார்த்தால் என் அறிவுக்கு எட்டிய விளக்கம் இது. அடோசிபான் ஆக்ஸிடோசினின் வழியை மறிக்கிறது. வலி பிடித்திருக்கும் கர்ப்பப்பையில் ஆக்ஸிடோசின் வேலை செய்துகொண்டிருக்கும். அதை மறித்தால் பலன் உண்டு. திருப்புவதற்குப் படுத்திருப்பவளுக்கோ வலியே இன்னும் வரவில்லை. அவள் கர்ப்பப்பை இறுகுவது தசையின் இயல்பான விறைப்பாலும், நாம் கை வைப்பதாலும். அங்கே மறிப்பதற்கு ஆள் இல்லை. விறைத்த தசையை நேராகவே இளக்கத் தெரிந்த மருந்து வேண்டும். பீட்டா மருந்துக்கு அது தெரியும். அதோடு, அதன் தொல்லைகள் எல்லாம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏற்றும்போது பெருகுபவை. நமக்கு வேண்டியது பத்து நிமிடம். இரண்டு நாளைக்கு ஆகாத மருந்து பத்து நிமிடத்துக்குச் சரியான மருந்து.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடினால் முதலில் வருவது எச்சரிக்கைதான். 2011 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டெர்பூட்டலின் ஊசியைக் குறைமாத வலிக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, மாத்திரையை அதற்குக் கொடுக்கவே கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்தது. தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள், எச்சரிக்கை சரியானது. ஆனால் அது நாள்கணக்கில் கொடுப்பதைப் பற்றியது. மருத்துவரிடமே கேளுங்கள்: "ஒரே ஒரு ஊசியா, எவ்வளவு நேரம் கூட இருப்பீங்க?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள்.

ஒரே ஊசி என்பதற்காக எல்லோருக்கும் போட்டுவிட முடியாது. ஊசிக்கு முன்னால் நான் முதலில் தொடுவது வயிற்றை அல்ல. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பேன். நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போன இளம் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பம் வரும்வரை அது வெளியே தெரியாமலே இருந்திருக்கும். சுருங்கிய மைட்ரல் வால்வுக்கு வேகமான துடிப்பு ஆகாது. அவளுக்கு இந்த ஊசி எமன். தைராய்டு மிகுந்து நாடி ஓடிக்கொண்டிருப்பவளுக்கும் கூடாது. ரத்தசோகை நம் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. சோகை கடுமையாக இருந்தால் இதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் காரணத்தாலோ நாடி 120-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு ஊசி இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவளுக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை: கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு லேபெட்டலால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அது பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்து. நாங்கள் திறக்கப் போகும் கதவை அது முன்பே தாழிட்டு வைத்திருக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். முதல் பிரசவமானால் 36 வாரம் முடிந்தும், அடுத்த பிரசவமானால் 37 முடிந்தும் வரச் சொல்வோம். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே மறிக்கவில்லை, நீர் போதுமான அளவு இருக்கிறது, பிள்ளை ஒன்றுதான் என்று உறுதி செய்வோம். இயந்திரத்தில் பிள்ளையின் துடிப்பைப் பதிவு செய்வோம். பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும். பிறகு ஊசி. போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி நடுங்கும், முகம் சிவக்கும், "நெஞ்சு படபடங்குது டாக்டரம்மா" என்பாள். அது வரும் என்று முன்பே சொல்லியிருந்தால் பயப்படமாட்டாள். சொல்லாமல் விட்டால் சாகப் போகிறோம் என்றே நினைத்துவிடுவாள். ஒரு முறை, நான் பயிற்சியில் இருந்தபோது, சொல்லாமல் போட்டுவிட்டோம். அந்தப் பெண் கட்டிலைவிட்டு இறங்கி அம்மாவைத் தேடி ஓடினாள். அவளை இன்றும் நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து நடுக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

கர்ப்பப்பை இளகியதும் கைக்குத் தெரியும். முதலில் தொட்டபோது தேங்காய் மாதிரி இருந்தது இப்போது பிசைந்த மாவு மாதிரி இருக்கும். உள்ளே பிள்ளையின் முதுகு எங்கே, தலை எங்கே என்று விரல் சொல்லும். தோலில் ஜெல் தடவி, பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, ஒரு கை பிட்டத்திலும் ஒரு கை தலையிலுமாக, பிள்ளை குட்டிக்கரணம் போடுவதுபோல மெல்லத் தள்ளுவோம். சில நிமிட வேலை. நடுநடுவே நிறுத்தித் துடிப்பைப் பார்ப்போம். அவள் போதும் என்றால் போதும். இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் நான் போவதில்லை.

இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி இன்னொரு வழியையும் ஏற்றுக்கொள்கிறது: முதலில் மருந்தில்லாமல் முயன்று, முடியாதபோது மட்டும் ஊசி போடலாம். இரண்டு மூன்று பிள்ளை பெற்று வயிறு தளர்ந்தவளுக்கு அது சரி. முதல் பிரசவக்காரிக்கு நான் ஊசியோடுதான் தொடங்குவேன். இறுகிய வயிற்றில் ஒரு முறை வலியை அனுபவித்துவிட்டால் இரண்டாவது முயற்சிக்கு அவள் மனமும் இறுகிவிடும். முதுகில் போடும் மரப்பு ஊசியையும் தளர்ச்சி மருந்தையும் சேர்த்தால் இன்னும் அதிகப் பிள்ளைகள் திரும்புகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. தேர்ந்த மயக்க மருத்துவர் கூட இருந்தால் அதுவும் நல்லதே. ஆனாலும், அவள் வலி எனக்கு வழிகாட்டி என்று பழகிய கை இது. அந்த வழிகாட்டி இல்லாமல் அழுத்துவதற்கு நான் தயங்குகிறேன்.

பலன் எவ்வளவு? மொத்தத்தில் பாதிப் பேருக்குத் திரும்பும். முதல் பிரசவக்காரிகளில் நூற்றுக்கு 40, மற்றவர்களில் 60 என்று வைத்துக்கொள்ளலாம். 200 பேரில் ஒருவருக்கு அன்றே அவசர சிசேரியன் தேவைப்படலாம். தியேட்டர் பக்கத்தில் வேண்டும் என்பது அதனால்தான். தாயின் ரத்த வகை நெகட்டிவ் ஆனால் முடிந்ததும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 சிசேரியன். நாடு முழுவதற்கும் அது 21.5. அத்தனைக்கும் பிட்டம் காரணம் அல்ல, சிறு பங்குதான். ஆனால் முதல் பிரசவத்தில் போட்ட ஒரு தையல் அடுத்த பிரசவத்தையும் ஆபரேஷனுக்கே இழுக்கிறது. வடு இருக்கும் கர்ப்பப்பையில் அடுத்த முறை நஞ்சுக்கொடி வடுவிலேயே ஊன்றிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. அதனால் முதல் சிசேரியனைத் தவிர்க்க ஒரு பாதுகாப்பான வாய்ப்பு இருந்தால், அது அவள் காதுக்கு எட்டியே ஆக வேண்டும். எத்தனையோ பெண்கள் 38-ஆவது வாரத்தில் ஆபரேஷன் தேதியோடு என்னிடம் வந்து, "இப்படி ஒரு வழி இருக்குன்னு யாரும் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்களும் உண்டு. வேண்டாம் என்பது அவள் உரிமை. சொல்லாமல் விட எங்களுக்கு உரிமை இல்லை. திருப்பத் தெரிந்தவர் அந்த மருத்துவமனையில் இல்லையென்றால், தெரிந்தவரிடம் அனுப்பலாம். 36-ஆவது வாரத்தில் பிள்ளையின் நிலையைப் பார்த்துவிட்டால் அதற்கு நேரம் இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவித் திருப்புவேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. துடிப்பு இறங்கினால் அவருக்குக் கேட்காது. மருத்துவமனையில் நாங்கள் செய்வதும் அதே கை அசைவுதான். வித்தியாசம் ஸ்கேனிலும் ஊசியிலும் பக்கத்து அறைத் தியேட்டரிலும் இருக்கிறது.

திருப்பி முடித்ததும் அரை மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்வோம். அவளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். டம்ளர் கையில் நடுங்கும், கொஞ்சம் சேலையில் சிந்தும். நடுக்கம் மெல்ல அடங்கும். நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே வரச் சொல்லி அனுப்புவோம். இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்: திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், கடைசி மாதங்களில் பிட்டம் கீழாக இருந்த பிள்ளைக்கு இடுப்பு மூட்டுச் சரியாக அமையாமல் போக வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பிறந்த ஆறு வாரத்தில் இடுப்பை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சீக்கிரம் கண்டால் ஒரு சிறு வார்ப்பட்டையிலேயே சரியாகிவிடும்.

நேரம் தாண்டிவிட்டது. பின்வரிசையில் வெகுநேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கும் அந்த அம்மா, மகளுக்கு 35-ஆவது வாரம் என்று எழுதிச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அவர் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.